குடியை நிறுத்த வழக்கமான டாக்டரே போதுமா?

உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். அண்ணனுக்கு 42 வயது, எட்டு வருடமாகத் தினமும் குடிக்கிறார். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, ஒரு வாய் உள்ளே போனால்தான் அடங்குகிறது. மறுவாழ்வு மையம் என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். ஆனால் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் அவர் வழக்கமாகப் போகும் டாக்டர், "இங்கேயே மருந்து கொடுத்துப் பார்க்கலாம், முதல் வாரம் மட்டும் தினமும் வரட்டும்" என்று சொல்லியிருக்கிறார்; அதற்கு அண்ணனும் தலையாட்டியிருக்கிறார். இது நிஜமான வைத்தியமா, இல்லை நம் மனசுக்கு ஆறுதலாகக் கொடுக்கிற மாத்திரையா என்று கேட்கிறீர்கள். அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மாத்திரை ஒன்று இருக்கிறதாமே என்றும் கடைசியில் ஒரு வரி. இந்த இரண்டுக்கும் அடியில் நீங்கள் எழுதாத கேள்வி ஒன்றும் இருப்பதாகப் படுகிறது: மையத்தில் சேர்க்காமல் விட்டு, நாளைக்கு ஏதாவது ஆனால் பழி என் தலையில் விழுமா?

நான் மனநல மருத்துவன் இல்லை. இருபது வருடத்துக்கும் மேலாகப் பொது மருத்துவம் பார்க்கிறவன். முதல் பத்து வருடம் குடி என்று யார் வந்தாலும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவேன். கடிதத்தை வாங்கிப் போனவர்களில் பலர் அந்த இடத்தின் வாசலையே மிதிக்கவில்லை என்பது, சில வருடம் கழித்து வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி அவர்கள் என்னிடமே திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் நானே பார்க்க ஆரம்பித்தேன். ஆகவே என் பதிலில் ஒரு சாய்வு இருக்கும். அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

சரி, நேரடியாகச் சொல்கிறேன். அது நிஜமான வைத்தியம்தான். குடிநோய் உள்ளவர்களில் பெரும்பாலோரை வழக்கமான டாக்டரே பார்க்க முடியும். ஆனால் உங்கள் அண்ணன் விஷயத்தில், மாத்திரையைத் தொடுவதற்கு முன் ஒன்றை முடிவு செய்தாக வேண்டும்: குடியை நிறுத்தும் முதல் ஐந்து நாளை அவர் வீட்டில் கழிக்கலாமா, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கழிக்க வேண்டுமா என்பது. மற்றதெல்லாம் மெதுவாகப் பேசித் தீர்க்கிற சமாச்சாரம். இது அப்படியில்லை.

காரணம் அந்தக் காலை நடுக்கம். மதுவுக்கு மூளையை மந்தப்படுத்தும் குணம் உண்டு. வருடக் கணக்கில் தினமும் மந்தப்படுத்தினால் மூளை சும்மா இருக்காது. ஒருவர் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்க, வண்டி ஓட வேண்டுமே என்று அது ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பழகிவிடுகிறது. திடீரென்று பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி பாயும் அல்லவா, அந்தப் பாய்ச்சலைத்தான் நாங்கள் வித்டிராயல் என்கிறோம். கடைசியாகக் குடித்து ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி. வலிப்பு வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு டிலிரியம் ட்ரெமன்ஸ் வரும்: இல்லாத பூச்சியைச் சுவரில் பார்ப்பது, இருக்கும் இடம் தெரியாமல் எழுந்து ஓடுவது, காய்ச்சல், எகிறும் இதயத் துடிப்பு. கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். பாசத்தில் வீட்டார் செய்யும் காரியம் ஒன்று உண்டு, பாட்டிலையெல்லாம் கொட்டிவிட்டு அறையில் போட்டுப் பூட்டுவது. காலையில் கை நடுங்குகிறவருக்கு அதை மட்டும் செய்துவிடாதீர்கள். டாக்டர் நாள் குறிக்கும் வரை அவர் திடீரென்று முழுசாக நிறுத்த வேண்டாம் என்று நான் சொல்வது உங்களுக்கு விசித்திரமாக இருக்கும். ஆனால் அதுதான் பத்திரம்.

இதில் நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஒருவர், தானாகவே "நிறுத்தணும் சார்" என்று வந்தார். எவ்வளவு குடிக்கிறார், எத்தனை வருடம், ஈரல் எப்படி என்று எல்லாம் கேட்டேன். மாத்திரை எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். இரண்டாம் நாள் ராத்திரி குளியலறை வாசலில் ஃபிட்ஸ் வந்து விழுந்து, நெற்றியில் ஏழு தையல். பிறகு அவர் மனைவி சொன்னார், இரண்டு வருடம் முன்பு நிறுத்திப் பார்த்தபோதும் இதே மாதிரி வந்ததாம். நான் அதைக் கேட்கவே இல்லை. இப்போதெல்லாம் என் முதல் கேள்வியே "இதற்கு முன்னால் நிறுத்தினபோது என்ன ஆச்சு?" என்பதுதான். ஒரு முறை வலிப்போ மனக்குழப்பமோ வந்தவருக்கு மறுமுறையும் வர வாய்ப்பு அதிகம். நிறுத்துவதும் ஆரம்பிப்பதுமாகப் போகப் போக ஒவ்வொரு முறையும் கடுமை கூடவும் கூடும். உங்கள் அண்ணன் இதற்கு முன் நிறுத்திப் பார்த்திருக்கிறாரா என்பது பதிவில் இல்லை. டாக்டரிடம் போகும்போது முதலில் இதைச் சொல்லுங்கள்.

முன்பு வலிப்போ டிலிரியமோ வந்தது, தூக்க மாத்திரையோ வேறு போதையோ சேர்ந்திருப்பது, இதய நோய், முற்றிய ஈரல் நோய், கர்ப்பம், தள்ளாத வயது, தற்கொலை எண்ணம், ராத்திரியில் கூட இருக்க யாரும் இல்லாத வீடு: இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் வைத்து நிறுத்துவதற்கு நான் ஒத்துக்கொள்வதில்லை. ஆஸ்பத்திரியில் நாலைந்து நாள் சேர்ப்பதும் மறுவாழ்வு மையத்தில் மாதக் கணக்கில் சேர்ப்பதும் ஒன்றல்ல என்பதை அண்ணனுக்குப் புரிய வையுங்கள். "மையத்துக்குப் போக மாட்டேன்" என்கிறவர்கள் "சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது, நாலு நாள் வார்டில் இருங்கள்" என்றால் பல சமயம் சம்மதிக்கிறார்கள்.

வீட்டிலேயே பார்க்கலாம் என்று முடிவானால், தினமும் வரச் சொல்வது எதற்கு? நடுக்கத்தை அளக்கத்தான். சீவா என்று ஓர் அளவுகோல் இருக்கிறது, பத்து அம்சங்கள், மொத்தம் 67 புள்ளி. இரண்டு கையையும் முன்னால் நீட்டி விரல்களை விரிக்கச் சொல்வோம். சிலருக்குக் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, அவர் விரல் நுனியில் நம் விரல் நுனியை வைத்தால் மெல்லிய அதிர்வு மட்டும் உணர முடியும். அதற்கு ஒரு புள்ளி. கையை நீட்டாமல் மடியில் வைத்திருக்கும்போதே நடுங்கினால் ஏழு. வியர்வை, குமட்டல், பதற்றம், தலைவலி, காதில் கண்ணில் தோலில் வரும் மாயத் தோற்றங்கள் என்று ஒவ்வொன்றையும் பார்த்துக் கூட்டுவோம். எட்டு, பத்துக்குள் இருந்தால் லேசானது. ஏறிக்கொண்டே போனால் மருந்தைக் கூட்டுவோம், அல்லது ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம்.

உங்கள் அண்ணனுக்கு இதில் இரண்டு சிக்கல் உண்டு, வேறு இடத்தில் கேட்டால் யாரும் சொல்லாமல் விடக்கூடியவை. பிரஷர் மாத்திரையில் சில வகை, பீட்டா பிளாக்கர் என்பார்கள், நடுக்கத்தையும் துடிப்பையும் அமுக்கிக் காட்டும். உள்ளே தீ எரியும், வெளியே புகை தெரியாது. அப்புறம் சர்க்கரை. ஈரல் புதிதாகச் சர்க்கரை தயாரிப்பதை மது தடுக்கும். இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர் சாப்பிடாமல் குடித்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். அப்போது வருவதும் நடுக்கம், வியர்வை, குழப்பம்தான். பார்த்தால் வித்டிராயல் மாதிரியே இருக்கும். அதனால் நடுங்கிக்கொண்டு யார் வந்தாலும் முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது என் வழக்கம். அவர் எடுக்கும் எல்லா மருந்தும் ஏற்கெனவே அந்த டாக்டரின் கையில் இருப்பதை நான் பெரிய பலமாக நினைப்பது இதனால்தான்.

முதல் வார மருந்து, அந்தப் பாய்ச்சலை அடக்கி மூளையை அமைதிப்படுத்தும் டயஸெபாம், குளோர்டயஸெபாக்சைடு வகை. ஈரல் கெட்டிருந்தால் லோரஸெபாம். முதல் இரண்டு நாள் அதிகமாகக் கொடுத்து, ஐந்து முதல் ஏழு நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட வேண்டும். ஏழு நாள் மாத்திரையை மொத்தமாகக் கையில் கொடுக்கும் டாக்டரை விட, தினமும் ஒரு நாளைக்கானதை மட்டும் கொடுக்கிறவர் நல்லவர். இந்த மாத்திரையோடு குடித்தால் மூச்சே அடங்கிப் போகலாம். அந்த வாரம் வண்டி ஓட்டக் கூடாது. வாரம் முடிந்த பிறகும் "தூக்கம் வரல, இன்னும் பத்து நாளைக்குக் கொடுங்க" என்று கேட்பார், கெஞ்சுவார். கொடுத்தால் ஒரு பழக்கத்தை விட்டு இன்னொன்றில் மாட்டிக்கொள்வார்.

இதோடு தயமின், அதாவது வைட்டமின் பி1. சத்து மாத்திரைதானே என்று அலட்சியப்படுத்துகிற மருந்து இது, ஆனால் நான் மிக அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். தினமும் குடிப்பவர் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, சாப்பிட்டதிலிருந்து குடல் தயமினை உறிஞ்சுவதும் குறைவு. அது தீர்ந்துபோனால் வரும் மூளைப் பாதிப்பை 1881-ல் கார்ல் வெர்னிக்கே விவரித்தார்: குழப்பம், கண் அசைவில் கோளாறு, நடையில் தள்ளாட்டம். மூன்றும் சேர்ந்து வருவது சிறுபான்மையினருக்குத்தான். எனவே மூன்றும் வரட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். குடிக்காத நாளிலும் ஒருவர் தள்ளாடுகிறார், பேச்சு பொருந்தவில்லை என்றால் அது போதை என்று விட்டுவிடாமல் உடனே காட்டுங்கள். தாமதித்தால் புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாத நிலை நிரந்தரமாகிவிடலாம். சாப்பிடாமல் மெலிந்தவர்களுக்கு மாத்திரை போதாது, ஊசியாகவே போட வேண்டும்.

இவ்வளவும் முடிந்தால் ஒரு வாரம். உடம்பு தெளிந்துவிடும், முகத்தில் களை வரும், வீட்டில் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விடுவீர்கள். பல இடங்களில் வைத்தியம் இங்கேயே நின்றுபோகிறது. என் அனுபவத்தில் மிக மோசமான தவறு இதுதான். நச்சு இறங்கியது, நோய் இறங்கவில்லை. இந்த ஒரு வாரத்தோடு விட்டால் பெரும்பாலோர் சில மாதங்களில் பழைய இடத்துக்கே வந்து நிற்பார்கள். அதற்கு மன உறுதி இல்லாததைக் காரணமாகச் சொல்வது, மாத்திரையை நிறுத்திய சர்க்கரை நோயாளிக்கு மறுபடி சர்க்கரை ஏறியதும் அவர் குணத்தைக் குறை சொல்வது மாதிரி.

எட்டாம் நாளிலிருந்து கொடுக்க மருந்து இருக்கிறது. இதைக் கேள்விப்படாதவர்களே அதிகம். அமெரிக்காவில் 2019-ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் குடிநோய் உள்ளவர்களில் இந்த மருந்துகளைப் பெற்றவர்கள் வெறும் 1.6 சதவீதம். ஆக, உங்களிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை என்பதில் ஆச்சரியம் இல்லை. முதலாவது நால்ட்ரெக்ஸோன். குடிக்கும்போது கிடைக்கும் அந்தச் சுகத்தின் ஒரு பகுதி, மூளை தானே சுரக்கும் ஓபியாய்டு என்ற, மார்ஃபின் மாதிரியான பொருள் மூலமாக வருகிறது. இந்த மாத்திரை அந்த வாசலை அடைத்துவிடும். குடித்தாலும் "என்ன, ஒன்றும் சுவாரசியமாக இல்லையே" என்று இருக்கும், இரண்டாவதற்குக் கை நீளுவது குறையும். தினம் 50 மில்லிகிராம். குடியை முழுசாக நிறுத்தாதவருக்கும் ஆரம்பிக்கலாம் என்பது இதன் பெரிய வசதி. டிராமடால், மார்ஃபின் மாதிரியான வலி மருந்து எடுப்பவருக்குக் கொடுக்கவே கூடாது. ஈரல் வீக்கம் கடுமையாக இருக்கும் சமயத்திலும் தவிர்க்க வேண்டும். இரண்டாவது அகாம்ப்ரோசேட், ஒரு வேளைக்கு 666 மில்லிகிராம், தினம் மூன்று வேளை. ஈரலைத் தொடாது, சிறுநீரகம் வழியாகப் போய்விடும். நிறுத்தியவர் நிறுத்தியபடியே இருக்க உதவும். உங்கள் அண்ணனுக்குச் சர்க்கரை இருப்பதால் முதலில் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்தாக வேண்டும். சிறுநீரகம் பாதி வேலை செய்தால் அளவைக் குறைக்கணும், ரொம்பக் குறைந்திருந்தால் இது வேண்டாம். தினம் ஆறு மாத்திரை என்பதுதான் நடைமுறையில் இதன் எமன்.

எவ்வளவு வேலை செய்யும்? மந்திரம் மாதிரி எதிர்பார்க்காதீர்கள். 2023-ல் ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்ததில், 11 பேருக்கு நால்ட்ரெக்ஸோன் கொடுத்தால் அவர்களில் ஒருவர் கூடுதலாக, மறுபடி கட்டுமீறிக் குடிப்பதிலிருந்து தப்புகிறார். அகாம்ப்ரோசேட்டிலும் அதே 11 பேருக்கு ஒருவர், அவர் குடிக்கே திரும்பாமல் இருக்கிறார். குறைவாகத் தெரிகிறதா? பிரஷருக்கும் கொழுப்புக்கும் நாங்கள் தினமும் எழுதுகிற பல மாத்திரைகள், ஒருவரைக் காப்பாற்ற இதைவிட நிறையப் பேருக்குக் கொடுக்கப்பட வேண்டியவை. அதையெல்லாம் யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை.

அந்த ரகசிய மாத்திரைக்கு வருகிறேன். நீங்கள் கேள்விப்பட்டது டைசல்ஃபிராமாகத்தான் இருக்கும். 1940-களின் கடைசியில் டென்மார்க்கில் குடிக்கு மருந்தாக வந்தது, பழைய மருந்து. மது உடம்பில் உடையும் பாதையை நடுவழியில் அடைத்துவிடும், அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருள் தேங்கிவிடும். அதை எடுத்துக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, தலை வெடித்து, வாந்தி எடுத்து, பிரஷர் இறங்கி மனுஷன் செத்துப் பிழைப்பார். சிலர் பிழைக்காமலும் போகலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. மதுச் சத்துள்ள இருமல் மருந்து, வாய் கொப்பளிக்கும் திரவம்கூடக் கிளப்பிவிடும். தானே விரும்பி, என்ன நடக்கும் என்று தெரிந்து, தினமும் மனைவி கையாலோ தங்கை கையாலோ வாங்கி விழுங்குகிறவருக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. தெரியாமல் கலந்து கொடுப்பது வேறு விஷயம். அது அவர் மேல் செய்யும் விஷப் பரீட்சை. சர்க்கரையும் பிரஷரும் உள்ள ஒருவருக்கு, இதய நிலை என்னவென்று பார்க்காமல் அதைச் செய்யவே கூடாது. ஒருநாள் விஷயம் தெரிந்துவிட்டால் வீட்டில் எதையும் நம்பிச் சாப்பிட மாட்டார், டாக்டரையும் நம்ப மாட்டார். இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது, வேண்டாம்.

பேச்சு வைத்தியம் வேண்டாமா, வெறும் மாத்திரை போதுமா என்று அடுத்து கேட்பீர்கள். 2006-ல் அமெரிக்காவில் 1383 பேரை வைத்து கம்பைன் என்று ஓர் ஆய்வு வந்தது. நால்ட்ரெக்ஸோனோடு, சாதாரணக் கிளினிக்கில் நடக்கிற மாதிரியான சின்னச் சின்னச் சந்திப்புகள் ஒன்பது. குடித்தீர்களா, மாத்திரை ஒழுங்காகப் போட்டீர்களா, தொந்தரவு ஏதும் உண்டா, அவ்வளவுதான் பேச்சு. அதுவே நிபுணரின் நீண்ட ஆலோசனைக்கு ஈடாக நின்றது. அதே ஆய்வில் அகாம்ப்ரோசேட் பலன் காட்டவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஆய்வுகளில் காட்டியது. அப்புறம் 2017-ல் கோவாவில் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் நடந்த ஓர் ஆய்வு. மருத்துவப் பட்டம் எதுவும் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர்கள் ஆண்களோடு சில அமர்வுகள் பேசினார்கள். மூன்று மாதம் கழித்து, பேச்சு கிடைத்தவர்களில் 36 சதவீதம் பேர் நோய் வரம்புக்குக் கீழே வந்திருந்தார்கள், கிடைக்காதவர்களில் 26 சதவீதம். தொடர்ந்து குடித்தவர்கள் குடித்த அளவு மட்டும் குறையவில்லை. அதில் சேர்க்கப்பட்டவர்கள் நடுத்தர ஆபத்து நிலையில் இருந்தவர்கள், உங்கள் அண்ணன் அளவுக்கு முற்றியவர்கள் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

அந்தச் சந்திப்பு உள்ளே எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். நோயாளி ஒருவர் மாத்திரை அட்டையின் பின்பக்கத்திலேயே பேனாவால் எழுதிக்கொண்டு வருவார், குடிக்காத நாளுக்குச் சுழி, குடித்த நாளுக்கு எண்ணிக்கை. மூன்றாம் வாரம் அட்டையைத் திருப்பினால் ஐந்து சுழி, ஒரு நாலு, ஓர் ஆறு. அவர் திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். "ஐந்து நாள் எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார். சாயங்காலம் ஆறு மணிக்குக் கடைப் பக்கம் போகாமல் பையனைக் கூட்டிக்கொண்டு வேறு வழியாக வந்தேன் என்றார். நாலும் ஆறும் எப்படி என்று அப்புறம்தான் பேசினோம். இரண்டுமே ராத்திரி தூக்கம் வராத நாட்கள். தூக்கம் வராததுதான் அவர் எதிரி என்று அன்று தெரிந்தது. மொத்தம் பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். இதை ஒரு வருடம், சலிக்காமல். வேறு ரகசியம் கிடையாது. ரத்தப் பரிசோதனையையும் இப்படித்தான் பயன்படுத்துவேன். இரண்டு மாதத்தில், குடியால் ஈரலில் ஏறும் ஜிஜிடி என்ற அளவு பாதியாக இறங்கியிருப்பதைக் காகிதத்தில் பார்க்கும்போது ஒரு மனிதரின் முகம் மாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனி, மருத்துவ உலகிலேயே இழுபறியாக இருப்பவை. முழுசாக நிறுத்தணுமா, குறைத்தால் போதுமா? குறைத்தாலே உடம்புக்கும் குடும்பத்துக்கும் நன்மை உண்டு என்பது இப்போது பரவலாக ஏற்கப்பட்ட விஷயம். ஆனால் காலையில் நடுக்கத்தோடு எழுகிறவரால் அளவோடு குடிப்பவராகத் தங்க முடியுமா என்றால், என் நோயாளிகளில் வெகு சிலரையே அப்படிப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் "குறைச்சுக்கிறேன்" என்று வருகிறவரை நான் திருப்பி அனுப்புவதில்லை. முயன்று பார்த்து முடியாமல், அவரே நிறுத்தலாம் என்று சொல்லும் நாள் வரும். எந்த ஆளுக்கு எந்த மருந்து பிடிக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் சோதனை எதுவும் கிளினிக்கில் கிடையாது. ஈரலையும் சிறுநீரகத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம், மூன்று மாதத்தில் பலன் இல்லையென்றால் மாற்றுகிறோம். டோபிராமேட், காபாபென்டின், பேக்லோஃபென் என்று அடுத்த வரிசை மருந்துகளில் பலன் காட்டிய ஆய்வும் உண்டு, காட்டாததும் உண்டு. பேக்லோஃபெனைப் பிரான்ஸ் 2018-ல் அங்கீகரித்தது, பல நாடுகள் தயங்குகின்றன. உடல் எடைக்குப் போடும் செமாக்ளூடைடு ஊசி குடியைக் குறைக்கிறது என்று இப்போது பரபரப்பு. 2025-ல் வந்த ஆய்வில் இருந்தவர்கள் 48 பேர், நடந்தது ஒன்பது வாரம். நம்பிக்கை தருகிறது, ஆனால் அதை நம்பி இருக்கும் மருந்தை ஒதுக்க நான் தயாராக இல்லை. குடியர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களைப் பற்றி எனக்கு இளக்காரம் இருந்தது. 2020-ல் காக்ரேன் என்ற, ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பின் தொகுப்பு, முழுசாக நிறுத்துவதில் அந்தப் பாதை மற்ற பேச்சு வைத்தியங்களுக்குச் சமமாகவோ மேலாகவோ நிற்கிறது என்று காட்டிய பிறகு வாயை மூடிக்கொண்டேன். பிடித்தவர் போகட்டும், பிடிக்காதவரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டாம்.

எங்களைப் போன்றவர்கள் கையை விரிக்க வேண்டிய இடங்களும் இருக்கின்றன. குடிக்காத வாரங்களிலும் காதில் குரல் கேட்பது, உயிரை விடும் பேச்சு, ஒன்றுக்கு மேற்பட்ட போதை, வயிற்றில் நீர் கோத்த ஈரல், இரண்டு மருந்து மாற்றியும் ஆறு மாதத்தில் அசையாத குடி. இங்கெல்லாம் நிபுணர்தான். நல்ல மையமும் அப்போது தேவைப்படலாம், அதை நான் ஒருநாளும் மட்டம் தட்ட மாட்டேன். மனச்சோர்வு மட்டும் சற்றுப் பொறுத்துப் பார்க்க வேண்டியது. குடியாலேயே வந்த சோர்வு நிறுத்தி இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் தானே விலகும். அதற்கு மேலும் நின்றால் அது தனி நோய், அதற்குத் தனி மருந்து.

உங்கள் பங்குக்குச் சில காரியங்கள். டாக்டரிடம் போகும்போது அவர் எடுக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். கடைசியாகக் குடித்த நேரத்தைக் குறித்து வையுங்கள். முதல் மூன்று ராத்திரி யாராவது அவர் அறையிலேயே படுக்கட்டும். வலிப்பு, ஆள் தெரியாத குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, நிற்காத வாந்தி, காய்ச்சல்: இதில் ஏதாவது ஒன்று தென்பட்டால் விடியட்டும் என்று பார்க்காதீர்கள், டாக்டருக்குப் போன் அடித்துக்கொண்டும் உட்கார்ந்திருக்காதீர்கள், நேராக அவசரப் பிரிவு. மையத்தில் சேர்க்காததற்காக உங்கள் மேல் பழி வராது. அவர் வாயால் சரி என்று சொன்ன ஒரே கதவு இந்த டாக்டருடையது. அதைத் திறந்து வைத்திருக்கிறீர்கள்.

எத்தனை நாளைக்கு மாத்திரை என்றும் நடுவில் கேட்டிருந்தீர்கள். குறைந்தது ஆறு மாதம், நான் வழக்கமாக ஒரு வருடம் வரை கொண்டுபோவேன். நால்ட்ரெக்ஸோனையும் அகாம்ப்ரோசேட்டையும் நிறுத்தினால் நடுக்கமோ வலிப்போ வராது, அதனால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திப் பார்க்கலாம், தேவைப்பட்டால் திரும்ப ஆரம்பிக்கலாம். நடுவில் ஒருநாள் குடித்துவிட்டார் என்றால் மாத்திரையை நிறுத்த வேண்டாம், மறுநாள் காலையில் வழக்கம்போலப் போடட்டும், குறித்த தேதிக்கு முன்னாலேயே டாக்டரைப் பார்க்கட்டும். டைசல்ஃபிராம் எடுப்பவராக இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. குடித்த நாளில் அதைப் போடவே கூடாது. அதன் மேல் குடித்துவிட்டால் அன்றே ஆஸ்பத்திரி.